பெரில் வீட்டுச் சமையலறைக்குக் கீழே

ஆல்மா தெரு,
ஞாயிற்றுக்கிழமை மாலை

அன்பு மகள் கேய்னருக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் உலகத்தின் அந்தக் கோடியில் ஹோபார்ட்டில் சளி காய்ச்சல் இல்லாமல் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன், அங்கே இப்போது வெயில் தொடங்கியிருக்கும், இங்கே மத்தியானமே விளக்குப் போட வேண்டியிருக்கிறது. எனக்கு முழங்கால் வலியைத் தவிர வேறு குறை இல்லை. அப்பா எப்படி இருக்கிறார் என்பதை அதன் இடத்தில் சொல்கிறேன், நீ சின்ன வயதிலிருந்தே எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவாய், இதை அப்படிப் படிக்காதே, வரிசையாகப் படி. போன தடவை போனில் நீ கேட்டாய், "ஒரு பாத்ரூம் கட்ட இவ்வளவு நாளாம்மா, பேசாம வீட்டை வித்துட்டு அப்பாவை அந்த ஹோமிலேயே இருக்க விட்டா என்ன" என்று. நான் கோபித்துக்கொண்டு போனை வைத்துவிட்டேன், வைத்தது தப்புதான், ஆனால் நடந்ததைப் போனில் சொல்லவும் முடியாது, சொன்னால் அம்மாவுக்கு மூளை கலங்கிவிட்டது என்று நினைப்பாய். சாக்கடையைப் பார்த்து வாய் பிளந்து நின்றேன் என்று எந்த அம்மா மகளிடம் சொல்வாள், அதனால்தான் எழுதுகிறேன்.

பக்கவாதம் வந்ததிலிருந்து அப்பாவுக்கு இடது பக்கம் சரியாக வரவில்லை என்பது உனக்குத் தெரியும். நம் வீட்டு மாடிப்படி ஏணி மாதிரி செங்குத்து, கக்கூஸும் குளியலறையும் மேலே. கீழேயே ஒரு படுக்கையறையும் பாத்ரூமும் இருந்தால்தான் வீட்டுக்கு அனுப்புவோம், இல்லையென்றால் குளிர்காலத்துக்கு முன்பு, இப்போது இருக்கிற முதியோர் ஹோமிலேயே நிரந்தர இடத்துக்கு ஒத்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ஹோமில் இருப்பவர்களைக் குறை சொல்லவில்லை, தங்கமான பெண்கள். ஆனால் அப்பா கக்கூஸுக்குப் போகும்போதெல்லாம் ஒரு பெண் கையைப் பிடித்துக்கொள்ள, இன்னொருத்தி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்க, இந்த மனிதர் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருப்பார். வாழ்நாள் முழுக்க பஸ் ஓட்டியவர், யாரிடமும் ஒரு உதவி கேட்டதில்லை. ஒரு நாள் நான் போயிருந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "டோரீன், எனக்கு வேற எதுவும் வேணாம், ஒரு கதவு மட்டும் வேணும்" என்று சொல்லி அழுதார். உன்னிடம் இதைச் சொல்லக்கூடாது என்றார், நான் சொல்லிவிட்டேன்.

ஆகையால் பின்பக்கத்து முற்றத்தில் ஓர் அறை இழுத்துக் கட்டுவது என்று முடிவு செய்து, சைக்ஸ் என்கிற கட்டடக்காரனை வைத்தோம். அவன் பூந்தொட்டிகளை நகர்த்திவிட்டு தரையைத் தட்டிப் பார்த்தான், தட்டிய இடத்தில் இரும்பு மூடி ஒன்று தெரிந்தது. மேன்ஹோல், சாக்கடைக்குள் ஆள் இறங்குகிற வழி. இத்தனை காலம் அதன்மேல் ஜெரேனியம் வளர்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். சைக்ஸ் குரலைத் தாழ்த்தி, "இது மேல சிமெண்டைப் போட்டு டைல்ஸ் ஒட்டிட்டா யாருக்கு என்ன தெரியப்போகுது, இந்தத் தெருவுலயே நாலு பேர் அப்படித்தான் பண்ணிருக்காங்க" என்றான். எனக்கும் ஒரு நிமிஷம் சபலம்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஹோமுக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். அவர் நல்ல கையால் போர்வையைத் தட்டி, "அது எல்லார் வீட்டுக்கும் சேர்ந்தது. நாளைக்கு அடைச்சுக்கிட்டா தெருவே நாறும். அடுத்தவன் வழியை அடைச்சு அதுக்கு மேல கட்டில் போட்டா எனக்குத் தூக்கம் வராது" என்று சொல்லிவிட்டார். சட்டமும் அப்படித்தானாம், ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகளுக்குச் சேர்ந்த குழாய் எதுவானாலும் அது யார் முற்றத்தில் கிடந்தாலும் தண்ணீர்க் கம்பெனிக்குத்தான் சொந்தம், அவர்கள் சரி என்று சொல்லாமல் மேலே ஒரு செங்கல் வைக்கக்கூடாது. எங்கள் முற்றம் எங்களுடையது, அதற்குக் கீழே இருப்பது எங்களுடையதல்ல.

கம்பெனியிலிருந்து ரோஷெல் என்று ஒரு பெண் வந்தாள், மூக்கு குத்தியிருந்தாள், பார்த்தவுடனே எனக்குப் பிடித்துவிட்டது. நீளமான கேபிள் முனையில் ஒரு கேமரா, அதை மூடி வழியாக உள்ளே விட்டு, சின்னத் திரையில் பார்ப்பது. வேன் நின்றதைப் பார்த்துவிட்டுத் தெருவில் எல்லாரும் ஏதோ ஒரு சாக்கு வைத்துக்கொண்டு எங்கள் முற்றத்துக்கு வந்துவிட்டார்கள், கடைசி வீட்டு நஸ்ரின் ஒரு கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தாள், அது என் கிண்ணமே இல்லை. பக்கத்து வீட்டுப் பெரில் துணி எடுக்க வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். நான் கறுப்பாக ஒரு குழாய் தெரியும், அதில் அசிங்கம் ஓடும் என்றுதான் நினைத்தேன். கேய்னர், அது குழாயே இல்லை. செங்கல்லால் கட்டிய சுரங்கம், முட்டையைக் கூர்ப்பக்கம் கீழாக நிறுத்தி வைத்தால் எப்படி இருக்கும், அப்படி ஒரு வடிவம், ஒவ்வொரு செங்கல்லும் ஈரத்தில் பளபளக்கிறது, ஒன்றுகூடக் கோணலாக இல்லை. ஆலையில் வேலை செய்தவர்களுக்காக இந்த வரிசை வீடுகளைக் கட்டியபோது போட்டதாம். தண்ணீர் குறைவாக ஓடினாலும் அடியில் குறுகலாக இருப்பதால் நிற்காமல் ஓடிவிடும், அதற்காகத்தான் அந்த வடிவம் என்று ரோஷெல் சொன்னாள். யாருமே பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தும் இப்படி அழகாக வைத்திருக்கிறார்களே என்று எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. எங்கள் வீட்டு வரவேற்பறைச் சுவர்கூட இவ்வளவு நேராக இல்லை.

அப்படியே பார்த்துக்கொண்டிருக்கும்போது வலது பக்கத்து ஓட்டையிலிருந்து நுரைநுரையாகத் தண்ணீர் வந்து கேமராவை மூடிக்கொண்டது. எல்லாரும் ஓ என்று கத்தினோம். நஸ்ரின் வெட்கத்தோடு, "அது என் வாஷிங் மெஷின்" என்றாள், ஆனால் முகத்தில் பெருமையும் இருந்தது. அந்த நுரை ஓடிப் போவதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஏதோ செய்தது. ஒவ்வொரு வீட்டுப் பக்கமிருந்தும் ஒரு வாய் திறந்து அதில் சேர்கிறது, காலையில் எல்லாரும் பல் தேய்த்தது, உன்னைக் குளிப்பாட்டிய தண்ணீர், நஸ்ரினின் பிள்ளைகளைக் குளிப்பாட்டிய தண்ணீர், பெரிலின் புருஷன் ஸ்டான்லி செத்துப்போன அன்று நாங்கள் கழுவிய டீக் கோப்பைகள், எல்லாம் இதே வழியாகத்தான் போயிருக்கிறது. மேலே நாங்கள் வேலிக்கு மேலே தலையாட்டுவதோடு சரி, கீழே ஒரே குடும்பமாக இருந்திருக்கிறோம். சாக்கடைக்கு அழுகிற கிழவி என்று யாரும் பார்க்கக்கூடாது என்று மூக்கைச் சிந்திக்கொண்டேன்.

ஆனால் தண்ணீர் போகிற வேகம் சரியில்லை என்றாள் ரோஷெல், "உங்க வீட்லெல்லாம் தண்ணி மெதுவாத்தானே எறங்குது?" என்று கேட்டாள். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. நம் ஜனங்கள் எப்படியென்று உனக்குத் தெரியாதா, கழுத்து வரைக்கும் முழுகினாலும் கக்கூஸைப் பற்றி அடுத்த வீட்டில் பேசமாட்டோம். கடைசியில் நஸ்ரின்தான், "எங்க வீட்ல குளிச்சா தண்ணி கணுக்கால் வரைக்கும் நிக்குது, முடி அடைக்குதுன்னு நான் பொண்ணுங்களைத் திட்டிட்டு இருக்கேன்" என்றாள். அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. எல்லார் வீட்டிலும் அதேதான், வருஷக்கணக்காக, ஒவ்வொருத்தரும் தன் வீட்டில் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டு, அடைப்பு எடுக்கிற மருந்தை வாங்கிப் பையில் ரொட்டிக்கு அடியில் ஒளித்துக் கொண்டுவந்திருக்கிறோம். நானும்தான். கடைக்காரன் எங்களைப் பற்றி என்ன நினைத்திருப்பானோ.

கேமரா இன்னும் கொஞ்சம் போய் நின்றுவிட்டது. மேல்வளைவில் சில செங்கற்கள் பெயர்ந்து கீழே குவிந்து கிடந்தன, அதில் துணியும் கொழுப்பும் மாட்டித் தண்ணீரை மறித்துக்கொண்டிருந்தது. அதற்கு நேர் மேலே ஒரு கிணறு மாதிரி செங்குத்தாகப் போகிறது, உச்சியில் சிமெண்டால் மூடியிருக்கிறது. "இது ஒரு மேன்ஹோல், மேல யாரோ மூடிட்டாங்க" என்று ரோஷெல் கேபிளில் இருந்த அளவைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள், அவளோடு நாங்கள் எல்லாரும் நிமிர்ந்தோம், எல்லார் கண்ணும் பெரில் வீட்டுச் சமையலறை ஜன்னலில் போய் நின்றது. உடனே எல்லாரும் வானத்தைப் பார்த்தோம். யாரோ மழை வரும்போல இருக்கிறது என்றார்கள். பெரில் அடுப்பில் பால் வைத்திருப்பதாகச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ரோஷெல் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள், அதைச் சரிசெய்யாமல் அதன் பக்கத்தில் எங்களுக்கு அறை கட்ட அனுமதி தர முடியாது, சரிசெய்ய ஒரே வழி பெரில் சமையலறைத் தரையை உடைத்து இறங்குவதுதான், அவளாகச் சம்மதித்தால் உடனே வேலை தொடங்கலாம், இல்லையென்றால் நோட்டீஸ், அவகாசம், அது இது என்று குளிர்காலம் முடிந்துவிடும் என்று. அந்தத் தரை ஸ்டான்லி தன் கையாலேயே போட்டது, நீயும் பார்த்திருக்கிறாய், கறுப்பும் வெள்ளையுமாகச் சதுரங்கப் பலகை மாதிரி. அவர் போனபிறகு பெரில் அதை வாரம் இரண்டு தடவை மண்டியிட்டுத் துடைக்கிறாள். அவளிடம் போய், என் புருஷன் கக்கூஸுக்காக உன் புருஷன் போட்ட தரையை உடைக்கிறேன் என்று எந்த வாயால் கேட்பது?

இருந்தாலும் இஞ்சி கேக் ஒன்று செய்து எடுத்துக்கொண்டு போனேன். மழையைப் பற்றிப் பேசினோம். டீ குடித்தோம். சாப்பாட்டு மேஜை கூடத்துக்கு வந்திருந்தது, சுவருக்கு வண்ணம் அடிக்கிறாள் போல என்று நினைத்துக்கொண்டு கேட்காமல் வந்துவிட்டேன். அடுத்த தடவை போனபோது ஃப்ரிட்ஜ் நடைபாதையில் நிற்கிறது, ஒருக்களித்துத்தான் உள்ளே போக முடிந்தது, நான் அதைப் பார்க்காத மாதிரி அவளுடைய தங்கையின் உடல்நிலையை விசாரித்தேன். மூன்றாம் தடவை என்னை மாடிப் படுக்கையறைக்குக் கூட்டிப்போய் கட்டில் விளிம்பில் உட்காரவைத்து, ஜன்னல் திட்டில் இருந்த கெட்டிலில் டீ போட்டுக் கொடுத்தாள். இவள் எங்களால் வீட்டையே காலி செய்துகொண்டு போகப்போகிறாள் என்று முடிவுகட்டிவிட்டேன். என்ன சொன்னேன் தெரியுமா, திரைச்சீலை ரொம்ப நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். போனில் அப்பா கேட்டார், "கேட்டியா?" என்று. கேட்டேன், மழையைப் பற்றி என்றேன். "அவ என்ன சொன்னா?" இன்னும் பெய்யுமாம் என்றேன். பிறகு, "ஹோம்ல அடுத்த வாரம் பதில் கேக்குறாங்க, டோரீன்" என்றார்.

மறுநாள் நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன், வேலிக்கு அந்தப் பக்கம் பெரில் வந்து நின்றாள். அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை, அன்று தெருவே கேட்டிருக்கும். "டோரீன், எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லு. இன்னும் எத்தனை நாளைக்கு நான் படுக்கையறையில டீ போட்டுக் குடிக்கணும்? மேஜையை நகத்தியாச்சு, ஃப்ரிட்ஜை நகத்தியாச்சு, அடுப்பைக் கூட கழட்டி வெச்சாச்சு, உன் ஆளுங்க வந்து தரையை உடைப்பாங்க உடைப்பாங்கன்னு பாத்துக்கிட்டே இருக்கேன், நீ என்னடான்னா கேக்கைக் குடுத்துட்டு திரைச்சீலை நல்லாருக்குன்னுட்டுப் போற!" நான் கையில் ஈரத் துணியோடு நின்றேன். நீயாகச் சொல்லியிருக்கக் கூடாதா என்றேன். "நீ கேக்காம நானா எப்படிச் சொல்றது, மரியாதையா இருக்குமா?" என்றாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர், அவள் சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. "வெச்ச தரை எங்கேயும் போயிடாதுன்னு ஸ்டான்லி சொல்வாரு. போகட்டும். உன் கிளிஃபர்டு வீட்டுக்கு வரணும்" என்றாள். வேலிக்கு மேலே அவளைக் கட்டிக்கொண்டேன், இத்தனை வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

உடைக்கிற அன்று அவள் சந்தைக்குப் போய்விட்டாள், அந்தச் சத்தத்தைக் கேட்கமாட்டேன் என்று. திரும்பி வந்தபோது மூடி திறந்திருந்தது, ரோஷெல் விளக்கு ஒன்றைக் கயிற்றில் இறக்கிக் கொடுத்தாள். நானும் பெரிலும் மண்டியிட்டு எட்டிப் பார்த்தோம், என் முழங்கால் சொன்னது எதையும் நான் காதில் வாங்கவில்லை. நாற்றம் அடிக்கும் என்று மூக்கைப் பொத்தியிருந்தோம், மழை பெய்த மண்ணின் வாசனைதான் வந்தது. ஆழத்தில் விளக்கு வெளிச்சத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, சுற்றிலும் வட்டமாகச் செங்கல், இறங்குவதற்கு இரும்புப் படிகள், ஒவ்வொரு படியும் நடுவில் தேய்ந்திருக்கிறது, எத்தனை மனிதர்கள் இறங்கியிருக்க வேண்டும். பெரில் மாதா கோவிலில் பேசுகிற குரலில், "முப்பது வருஷமா இது மேல நின்னு உருளைக்கிழங்கு உரிச்சிருக்கேன், டோரீன்" என்றாள். கொஞ்சம் கழித்து, "இதையா நாங்க மூடி வெச்சோம்" என்றாள். அவ்வளவு அழகாக இருந்தது. கம்பெனி ஆட்கள் அந்த வளைவைத் திரும்பக் கட்டி, உள்ளே உறை மாதிரி ஒன்றை இழுத்துவிட்டு, பெரிலுக்குத் திறக்கிற மாதிரி ஒரு மூடி வைத்து, தரையும் போட்டுக் கொடுத்தார்கள், கறுப்பும் வெள்ளையும்தான், அவள் பிடிவாதம்.

அன்று மாலையே எல்லார் வீட்டிலும் தண்ணீர் கடகடவென்று இறங்கியது. அதற்குப் பிறகு நம் அறை மளமளவென்று எழுந்தது. சைக்ஸை நான் கொஞ்சம் சந்தேகமாகத்தான் பார்த்தேன், ஆனால் அந்தப் பாதாளத்தைப் பார்த்தபிறகு அவனும் ஒழுங்காகிவிட்டான். சாக்கடைக்கு இரண்டு பக்கமும் அதைவிட ஆழமாகக் கடைக்கால் தோண்டி, குறுக்கே கான்கிரீட் பீம் போட்டு, அதன்மேல் தரை. அறையின் பாரம் ஒரு குந்துமணி அளவும் கீழே விழாது. அவ்வளவு சுவரும் கூரையும் அந்தச் செங்கல் வளைவைத் தொடாமல் தாண்டி நிற்கிறது. முற்றத்து மூடியைச் சந்துப் பக்கம் வெளியே நகர்த்திவிட்டார்கள், யார் வீட்டுக்குள்ளும் வராமல் திறக்கலாம். ஹோமுக்கு நான் பெரில் சம்மதித்த அன்றே பதில் சொல்லிவிட்டிருந்தேன், அவர் வீட்டுக்கு வருகிறார் என்று.

நேற்றுக் காலையில் அப்பா வந்தார். ஆஸ்பத்திரி வண்டியிலிருந்து வாக்கரைப் பிடித்துக்கொண்டு இறங்கினார், முகம் சவரம் செய்து, கழுத்தில் டை கட்டியிருந்தார், பாத்ரூம் போவதற்கு டை கட்டிக்கொண்டு வந்த மனிதரை நான் இப்போதுதான் பார்க்கிறேன். ரோஷெலும் வந்திருந்தாள், கடைசிப் பரிசோதனை பாக்கி, பச்சைச் சாயத்தைக் கக்கூஸில் ஊற்றி ஃப்ளஷ் செய்யவேண்டும், அது சந்து மூடியில் சரியாக வந்து சேருகிறதா என்று பார்க்கவேண்டும். சாயத்தைத் தானே ஊற்றுகிறேன் என்று அப்பா பாட்டிலை வாங்கிக்கொண்டார். நான் உதவிக்குக் கூடவே போனேன். வாசலில் நின்று என்னைப் பார்த்தார், "நீ போய் அங்க நில்லு" என்றார். மெதுவாக, ஒவ்வொரு அடியாக உள்ளே போனார். கதவைச் சாத்தினார். உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போட்டார். அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் நடையிலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன், கேய்னர்.

பிறகு சந்துக்கு ஓடினேன். திறந்த மூடியைச் சுற்றித் தெருவே நின்றது, பெரில், நஸ்ரின், அவள் பெண்கள், சைக்ஸ்கூட, எல்லாரும் குனிந்து கொண்டு. சாக்கடையைப் பற்றி வாயைத் திறக்காத ஜனங்கள், வைத்த கண் வாங்காமல் பார்க்கிறார்கள். ரொம்ப நேரம் ஒன்றும் வரவில்லை, அவர் விழுந்துவிட்டாரோ என்று எனக்கு உயிர் போய்விட்டது. அப்புறம் தூரத்தில் ஒரு சத்தம், செங்கல் வளைவுக்குள்ளிருந்து பச்சைப் பசேல் என்று தண்ணீர் பளபளத்துக்கொண்டு வந்தது, சந்தடியே இல்லாமல் எங்கள் எல்லாரையும் கடந்து போனது. நஸ்ரின் கை தட்டினாள், உடனே எல்லாரும் கை தட்டினோம், பெரில் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். பாத்ரூம் ஜன்னலிலிருந்து உன் அப்பா, "வந்துச்சா?" என்று கத்தினார். வந்தது, வந்தது என்று தெருவே திரும்பக் கத்தியது. எல்லாரும் டீ குடிக்க வந்து காத்திருந்தோம், கெட்டில் இரண்டு தடவை கொதித்து ஆறியது, அவர் வெளியே வரவில்லை. நான் கதவைத் தட்டி என்ன ஆயிற்று என்று கேட்டேன். "ஒண்ணும் ஆகலை, டோரீன். சும்மாத்தான் உக்காந்திருக்கேன்" என்றார்.

நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இருக்கவேண்டும், உங்கள் வீட்டில் எதுவும் எதற்கும் அடைபடாமல் ஓடவேண்டும், அதுவே என் ஆசீர்வாதம், சிரிக்காதே. அப்பா வலது கையால் இரண்டு வரி எழுதுகிறேன் என்றார், பேனா தேடுவதற்குள் தூங்கிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால் கொஞ்சம் அதிக நேரம் மணி அடிக்க விடு, அவரே எழுந்து வந்து எடுக்கவேண்டும் என்கிறார்.

என்றும் உன் அன்புள்ள அம்மா,
டோரீன்